கண்ணாடியில் பூத்த மலர்கள்



குருமடத்தில் சேருவதற்கு முன் நான் பயின்ற மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் கூடத்தில், சுவரோரமாக நீண்டதோர் அலமாரி உண்டு. அதில் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குப்பியிலும் மஞ்சள் ஏறிய திரவம். அதன் அடியில் வெளுத்துச் சுருங்கிய ஏதோ ஒன்று. மேலே ஒட்டிய சீட்டைப் படித்தால்தான் அது கடற்சாமந்தி என்பது விளங்கும். வெந்த முட்டைக்கோசுத் துண்டு போன்றிருக்கும் இதற்கா 'சாமந்தி' என்று பெயரிட்டார்கள் என எண்ணிக்கொள்வேன்.

பல்லாண்டுகள் கழித்துக் கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய நாள்களில், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிற்கு வந்த சிறுவர் சிலர், பாறை இடுக்கிலிருந்து எதையோ பெயர்த்து வாளித் தண்ணீரில் இட்டுக் கொண்டுவந்தனர். சிறிது நேரம் அது கையை மூடிய குழந்தைபோல் சுருண்டு கிடந்தது. பின்னர் மெல்ல விரிந்தது. இளஞ்சிவப்பும் பசுமையும் கலந்த நூறு விரல்கள் தண்ணீரில் அசைந்தன. அன்று வகுப்பு நடைபெறவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் குற்றமில்லை. அந்தப் பள்ளிக் குப்பி எனக்கு எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லியிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இந்தப் பொய்யோடு மன்றாடியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அருங்காட்சியகக் காப்பாளர்கள். புலியின் தோலை உரித்துப் பாடம்செய்து நிறுத்திவிடலாம். வண்ணத்துப்பூச்சியை ஊசியில் குத்தி வைக்கலாம். சங்கும் சிப்பியும் தாமாகவே நிலைத்து நிற்கும். ஆனால் எலும்பும் ஓடும் இல்லாத கடலுயிர்களை என்செய்வது? கரையிலே எடுத்துப் போட்டால் சொறிமீன் சிறிது நேரத்தில் வெறும் கூழாகிவிடும். சாராயத்தில் இட்டாலோ முதலில் நிறம் போகும். பின்னர் வடிவமும் போகும். நாடெங்கும் புதிய அருங்காட்சியகங்கள் எழும்பிக் கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலின் பாதி உயிர்கள் காட்சிக்கு வர இயலாதவையாய் இருந்தன.

இந்தக் குறையை நீக்கியவர் விலங்கியல் பேராசிரியர் ஒருவர் அல்லர்; கண்ணாடி அணிகலன் செய்யும் குடும்பத்தில் பிறந்த ஒரு கைவினைஞர். லியோபோல்டு பிளாஷ்கா என்பது அவர் பெயர். இன்று செக் நாட்டின் பகுதியாக விளங்கும் பொகீமியாவில், 1822ஆம் ஆண்டு பிறந்தார். தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடியே அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. மகளிர் அணியும் மணிகள், சரவிளக்குத் தொங்கல்கள், கண்ணிழந்தோர் பொருத்திக்கொள்ளும் செயற்கைக் கண்கள் ஆகியவற்றை அவர்கள் செய்து விற்றனர். செயற்கைக் கண் செய்பவனுக்கு ஒரு பயிற்சி தானாகவே அமைந்துவிடும். கருவிழியின் கோடுகளையும் வெள்ளையில் ஓடும் செந்நரம்புகளையும் கூர்ந்து நோக்காமல் அதைச் செய்ய இயலாது. பின்னாளில் அவர் செய்தவை அனைத்திற்கும் இதுவே பாலபாடமாய் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

லியோபோல்டின் இளமைக்காலம் துயரத்தால் நிறைந்தது. 1850ஆம் ஆண்டில் அவருடைய மனைவி வாந்திபேதி நோயால் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் தந்தையையும் இழந்தார். மனம் நிலைகொள்ளாத அவர், வீட்டைச் சுற்றியிருந்த செடிகொடிகளைப் படமாக வரைந்து ஆறுதல் தேடினார். 1853ஆம் ஆண்டு அமெரிக்காவிற்குக் கப்பலேறினார். பாய்க்கப்பல் அது, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, அசோர்ஸ் தீவுகளை அண்டிக் காற்று ஓய்ந்து போயிற்று. இரண்டு வாரங்கள் கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது.

ஏனைய பயணிகள் எப்படிப் பொழுதைக் கழித்தார்களோ, அறியோம். லியோபோல்டு கடலையே நோக்கிக்கொண்டிருந்தார். இரவில் நீருக்குள் ஒளி விட்டு மின்னி மிதந்த சொறிமீன்களைக் கண்டார். அவற்றின் உடல் கண்ணாடியைப் போலவே ஊடுருவிப் பார்க்கக் கூடியதாய் இருந்தது. வாழ்நாளெல்லாம் கண்ணாடியைக் கையாண்ட ஒருவருக்கு அந்தக் காட்சி என்னவாய் இருந்திருக்கும்! கண்டவற்றைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டார். அந்த ஓவியங்கள் பத்தாண்டுகள் வரை பயன்பாட்டுக்கு வரவில்லை.

நாடு திரும்பியபின் மறுமணம் செய்துகொண்டார். 1857ஆம் ஆண்டு மகன் ருடால்ஃப் பிறந்தான். பகலெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கான வேலை. ஓய்ந்த நேரத்தில் தம் மனம்போலக் கண்ணாடியில் பூக்கள் செய்தார். அவற்றின் புகழ் அப்பகுதியின் இளவரசர் கமில் தெ ரோஹான் செவிக்கு எட்டியது. இளவரசர் தம் தோட்டத்துக் கண்ணாடி மனைகளில் ஆர்க்கிடு மலர்களை வளர்த்துவந்தவர். அவற்றைப் பார்த்து ஏறத்தாழ நூறு ஆர்க்கிடு மாதிரிகளை லியோபோல்டு செய்து கொடுத்தார். அவை பின்னர் பெல்ஜிய நாட்டு லியேஜ் நகருக்குச் சென்று, 1868ஆம் ஆண்டு நேர்ந்த தீவிபத்தில் அழிந்தன. எனினும் அவற்றால் ஒரு நன்மை விளைந்திருந்தது. டிரெஸ்டன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநரான லூத்விக் ரெய்க்கன்பாக், இந்தக் கைகளால் பூ செய்ய முடியுமானால் கடற்சாமந்தி செய்ய முடியாதா என்று எண்ணினார். 1863ஆம் ஆண்டில் பன்னிரண்டு கடற்சாமந்திகள் அவர் கேட்டபடி உருவாயின. அன்றோடு சாராயக் குப்பியின் ஆட்சி ஆட்டங்கண்டது.

பின்னர் நடந்தது வியப்புக்குரியது. ஓர் ஆங்கில இயற்கையியலாளரின் நூற்படங்களைப் பார்த்துச் செய்யத் தொடங்கியவர், அதில் நிறைவு கொள்ளாமல் தம் வீட்டிலேயே கடல்நீர்த் தொட்டி அமைத்தார். கடலுயிர்களை உயிரோடு வரவழைத்து, அவை உண்பதையும் அசைவதையும் நோக்கி வரைந்தார். வளர்ந்த மகனும் 1876ஆம் ஆண்டு முதல் தந்தையோடு மேசையில் அமர்ந்தார். சொறிமீன், கணவாய், கடலட்டை, ஓடில்லாக் கடல்நத்தை என எழுநூறு வகைகளைக் கொண்ட விலைப்பட்டியலே அச்சிட்டார்கள். இலண்டன், டப்ளின் நகரங்களின் அருங்காட்சியகங்களும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் அஞ்சல்வழியே வாங்கின. தந்தையும் மகனுமாக ஏறத்தாழப் பதினாயிரம் கடலுயிர் மாதிரிகளைச் செய்தனர் என மதிப்பிடுகின்றனர். வேலையாள் இல்லை, பட்டறை இல்லை, வீட்டில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு பேர்.

அந்த மேசையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். நம் ஊர்ப் பொற்கொல்லரின் உலைமுன் நின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விளக்கு ஒன்று எரிகிறது. மேசைக்கு அடியிலுள்ள துருத்தியைக் காலால் மிதித்தால் காற்று குழாய்வழி வந்து சுடரைக் கூராக்கி வெப்பத்தை மிகுவிக்கும். அந்தச் சுடரில் கண்ணாடிக் குச்சியையும் குழலையும் காட்டி இளக்கி, ஊதியும் இழுத்தும் குறட்டால் கிள்ளியும் உருவம் செய்கிறார்கள். மெல்லிய இதழ்களைத் தனித்தனியே செய்து, சூடு தணியுமுன் ஒன்றோடொன்று பொருத்துகிறார்கள். தண்டுக்குள் கம்பி ஓடும். சில பகுதிகள் பசையால் ஒட்டப்படும். நிறம் சிலவிடத்துக் கண்ணாடியிலேயே கலந்திருக்கும். சிலவிடத்துத் தூரிகையால் தீட்டப்படும். இலையின் அடியிலுள்ள மயிரிழை ஒவ்வொன்றும் கண்ணாடியே. கண்ணாடியின் குணத்தை நினைத்துப் பாருங்கள்: ஒரு நொடி மிகுந்தால் உருகி வழிந்துவிடும், ஒரு நொடி குறைந்தால் முறிந்துவிடும். மரத்தச்சன் அளந்து திருத்துவதுபோல இங்கே பிழை திருத்த வழியில்லை.

1886ஆம் ஆண்டு இந்த வீட்டின் கதவைத் தட்டினார் ஓர் அமெரிக்கர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் ஜார்ஜ் லிங்கன் குடேல் என்பார் அவர். அங்கே குளிர்காலம் நெடியது; மாதக்கணக்கில் பூவே இராது. உலர்த்தித் தாளில் ஒட்டிய செடி தட்டையாய் நிறம் இழந்திருக்கும். மெழுகிலும் காகிதக்கூழிலும் செய்த பூக்களோ முரடாய் இருந்தன. எனவே, கடலுயிர்களைச் செய்யும் இவர்கள் தமக்குத் தாவரங்களைச் செய்து தரவேண்டும் என்று வேண்டினார். லியோபோல்டு முதலில் இசையவில்லை. கடலுயிர் வணிகம் நன்கு நடந்துகொண்டிருந்தது. மிகவும் வற்புறுத்தியபின் மாதிரிக்குச் சில பூக்களைச் செய்து அனுப்பினார். அவை நியூயார்க் சுங்கச் சாவடியில் உடைந்து போயின. உடைந்த துண்டுகளே பார்த்தோரைக் கவர்ந்தன என்றால் முழுமலர் எப்படி இருந்திருக்கும்!

அந்தத் துண்டுகளைக் கண்டு மனம் கொடுத்தவர்கள், பாஸ்டன் நகரைச் சார்ந்த திருமதி எலிசபெத் வேர் என்னும் கைம்பெண்ணும் அவருடைய மகள் செல்வி மேரி லீ வேரும். மறைந்த மருத்துவர் சார்லஸ் எலியட் வேரின் நினைவாக அவ்விருவரும் செலவை ஏற்றனர். முதலில் பாதி நேர வேலையாகத் தொடங்கி, 1890ஆம் ஆண்டில் பத்தாண்டு ஒப்பந்தமாயிற்று: ஆண்டுக்கு 8,800 மார்க்கு ஊதியம், வேறு எவருக்கும் எதையும் செய்வதில்லை. கடலுயிர்களை அன்றோடு கைவிட்டார்கள். அருங்காட்சியகங்களுக்கு அது இழப்பே.

மலர்களைச் செய்யும்போது இவர்கள் கைக்கொண்ட நேர்மையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஒரு செடிக்கு இயற்கை அளவில் ஒரு மாதிரி; அதன் பூவைப் பலமடங்கு பெரிதாக்கி ஒன்று; சூலகத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டி மற்றொன்று; சிலவற்றில் மகரந்தம் நாடிவரும் தேனீயும் உண்டு. அழகிய பூக்களை மட்டும் தேர்ந்துகொண்டார்களா என்றால் இல்லை. புல்லும் களையும் கூட அதே கவனத்தைப் பெற்றன. 1892ஆம் ஆண்டு ருடால்ஃப் ஜமைக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் தாமே சென்று, செடிகள் வளரும் இடத்திலேயே நின்று வரைந்தும் நிறங்களைக் குறித்தும் கொண்டுவந்தார். பார்க்காததைச் செய்வதில்லை என்ற உறுதி தந்தைக்கும் மகனுக்கும் பொதுவாய் இருந்தது.

மலர்களைக் கடல்கடந்து அனுப்புவதும் ஒரு கலையே. ஒவ்வொரு மாதிரியையும் அட்டையோடு கம்பியால் பிணித்து, மென்தாள் பொதிந்து, பெட்டியிலிட்டு, அந்தப் பெட்டிகளை வைக்கோல் நிரப்பிய மரப்பேழையில் அடுக்கி, மேலே சாக்குத்துணி சுற்றித் தைத்து அனுப்பினர்.

இப்படிப்பட்ட வேலையைக் கண்ட உலகம் சும்மா இருக்குமா? இவர்களிடம் ஏதோ மறைபொருள் இருக்கிறது, பிறர் அறியாத கருவி இருக்கிறது என்று பேச்சு எழுந்தது. லியோபோல்டு இதைக் கேட்டு வருந்தினார். 1889ஆம் ஆண்டில் செல்வி வேருக்கு எழுதிய மடலில், மறைக்கப்பட்ட கருவி எதுவும் தம்மிடம் இல்லை என்றும், இருப்பது கைப்பக்குவம் ஒன்றே என்றும், தலைமுறைக்குத் தலைமுறை அது மிகுந்துகொண்டே வருவதால் தம்மினும் தம் மகனுக்கு அது மிகுதி என்றும் விளக்கினார். நல்ல கண்ணாடிக் கலைஞனாக வேண்டுமானால் கண்ணாடியை நேசித்த கொள்ளுப்பாட்டன் ஒருவன் வேண்டும் என்பது அவர் கருத்து.

அந்தக் கருத்தைப் படித்தபோது எனக்கு இரு எண்ணங்கள் எழுந்தன. தன்னினும் தன் மகன் வல்லவன் என்று பிறர் அறிய எழுதும் தந்தை போற்றத்தக்கவர். ஆயினும் பக்குவம் முழுவதும் இரத்தத்தில்தான் வருகிறது என்பதை நான் முழுவதும் ஏற்கத் தயங்குகிறேன். ஐந்து வயதிலிருந்து தந்தையின் மேசையருகே நின்று, சுடரின் நிறம் மாறும் நொடியைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அது வந்தது. வேறொருவர் பிள்ளை அங்கே நின்றிருந்தால் அவனுக்கும் ஓரளவு வந்திருக்கக் கூடும். ஆனால் வேறெந்தப் பிள்ளையும் அங்கே நிற்கவில்லை.

1895ஆம் ஆண்டு ருடால்ஃப் இரண்டாம் முறையாகச் செடிகளைத் தேடி அமெரிக்கா சென்றிருந்தார். அந்தப் பயணத்தின்போதே, சூலைத் திங்களில், வீட்டில் தந்தை காலமானார். இருபது ஆண்டுகள் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து உழைத்தவர்கள்! அடக்கத்திற்கு மகன் வந்துசேர வழியில்லை. அவ்வேளையில் அவர் வரைந்துகொண்டிருந்தது எந்தச் செடியோ!

அதன்பின் ருடால்ஃப் தனியாகவே நாற்பது ஆண்டுகள் உழைத்தார். சந்தையில் கிடைத்த கண்ணாடி மனத்திற்கு ஒவ்வாமையால் தாமே கண்ணாடியையும் எனாமலையும் உருக்கிச் செய்துகொண்டார். 1908ஆம் ஆண்டில் அவரை நேரில் சென்று கண்ட செல்வி வேர், இந்த முயற்சியைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். முதல் உலகப்போர் வந்தது; செருமனியில் பணத்தின் மதிப்பு வீழ்ந்தது; அவருக்கும் வயது ஏறியது. 1924ஆம் ஆண்டு முதல் 1932 வரை அவர் செய்தவை எவை தெரியுமா? அழுகிய பழங்கள். பூஞ்சணம் படர்ந்த ஸ்ட்ராபெரி, நோய் கண்டு சுருண்ட பீச் இலை, புள்ளி விழுந்த பேரிக்காய். உழவர்க்கும் மாணவர்க்கும் பயிர் நோய்களைக் காட்டுவதற்காக இவை செய்யப்பட்டன. சந்தையில் கண்டால் நாம் ஒதுக்கித் தள்ளும் பழத்தின்மேல், முதுமையடைந்த அந்த மனிதர் மாதக்கணக்கில் குனிந்திருந்தார். ஆர்க்கிடு மலரைவிட இவற்றையே நான் பெரிதாக மதிக்கிறேன். அழகான ஒன்றை உள்ளபடி செய்வதற்கு ஆசை போதும். அழுகலை உள்ளபடி செய்வதற்கு உண்மையின்மேல் பற்று வேண்டும்.

1936ஆம் ஆண்டு, எழுபத்தொன்பதாம் வயதில், அவர் வேலையை நிறுத்தினார். 1939 மே முதல் நாள் இறந்தார். ருடால்ஃபுக்குப் பிள்ளைகள் இல்லை. தொழில் பழகிய மாணவர் எவரும் இல்லை. தந்தை சொன்ன பல தலைமுறைப் பக்குவம் அந்த ஒருவரோடு நின்றுபோயிற்று. இதற்காக அவரைக் குறைகூறுவோர் உண்டு. நான் கூறமாட்டேன். ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் இத்தனை செடிகள் என்று உழைத்தவருக்கு, மாணவன் உடைக்கும் கண்ணாடிக்கு நேரம் ஏது? செலவை ஏற்றவர்களும், வேண்டிப் பெற்றவர்களும் பூக்களைக் கேட்டார்களே தவிர, இந்தக் கலை அடுத்து எவர் கைக்குப் போகும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. ஐம்பதாண்டுகளில் ஒருவர் கேட்டிருக்கலாம்.

ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் இன்று ஏறத்தாழ 4,300 மாதிரிகள் உள்ளன. 780 தாவர இனங்களை அவை காட்டுகின்றன. நூற்றாண்டுத் தூசியும் கட்டடத்தின் அதிர்வும் அவற்றை வாட்டுகின்றன. உடைந்தவற்றை ஒட்டவும் தூசியை அகற்றவும் வல்லுநர்கள் பாடுபடுகின்றனர். காட்சிக்கூடம் முழுவதும் புதுப்பிக்கப்பட்டு 2016ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டு சில மலர்களை நியூயார்க் நகரக் கண்காட்சிக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தபோது, குலுங்காமல் செல்லும் ஊர்தி எது என்று ஆராய்ந்து, இறந்தோரைக் கொண்டுசெல்லும் சவவண்டிகள் இரண்டை அமர்த்தினார்கள். நம் பங்குகளில் உள்ள சவவண்டிகளை நன்கறிந்தவன் என்ற முறையில், இங்கே அந்த யோசனையை எவரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கைவிடப்பட்ட கடலுயிர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1885ஆம் ஆண்டில் 570 மாதிரிகளை வாங்கியிருந்தது. நீருக்கடியில் படமெடுக்கும் கருவிகள் வந்தபின் அவற்றை மதிப்பாரில்லை. பெட்டிகளில் கட்டிக் கிடங்கில் போட்டுவைத்தனர், பல உடைந்தன. அங்கே பணியாற்றிய கடலியல் பேராசிரியர் ட்ரூ ஹார்வெல் அவற்றை மீண்டும் வெளிக்கொணர்ந்து செப்பனிடச் செய்தார். செப்பனிடும்போது அவருக்கு ஒரு கேள்வி பிறந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உயிரோடு கண்டு இவ்வளவு துல்லியமாய்ச் செய்துவைத்த இந்த உயிர்கள் இன்று கடலில் இருக்கின்றனவா? கடல் வெப்பமடைந்து வரும் காலம் அன்றோ இது? அருங்காட்சிப் பேழையிலிருந்த கண்ணாடி உருவங்கள் அவருக்கு வருகைப் பதிவேடு ஆயின.

மூழ்குடை அணிந்து பல கடல்களில் அவர் தேடினார். தேடியதை 2016ஆம் ஆண்டு ஒரு நூலாகவும் வெளியிட்டார். சில உயிர்கள் எளிதில் அகப்பட்டன. சிலவற்றைக் காண மீண்டும் மீண்டும் இறங்கவேண்டியிருந்தது. கண்ட ஒவ்வொன்றின் நிறத்தையும், விரல்களின் விரிவையும், லியோபோல்டும் ருடால்ஃபும் விளக்குச் சுடரில் செய்துவைத்த உருவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.